காற்றை மூடிய இரண்டு நிமிடம்

அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது சம்பளப் பட்டியலோடு சரி. ஆராய்ச்சிக்கூடத்தில் இயக்குநர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவர் உலையண்ணன். தரைத்தளத்தில் கடைசி அறை அவருடையது. சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டிய ஐந்து சிலிண்டர்கள், பித்தளைத் திருகுகள் வரிசையாகப் பதித்த ஒரு பலகை, செருப்பு அலமாரி அளவுக்கு ஒரு மின் உலை, அதற்குள் செங்குத்தாக நிற்கும் கண்ணாடிக் குழாய், பக்கத்தில் ஒரு முக்காலி. முப்பத்தோரு வருடத்தை அந்த முக்காலியிலேயே ஓட்டிவிட்டார் என்று சொன்னால் அதில் பெரிய பொய் இல்லை.

படிப்பு என்று பார்த்தால் தொழிற்பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம். ஆனால் உலை முனகுகிற சத்தத்தை வைத்தே நானூறு டிகிரியா நானூற்றைம்பதா என்று சொல்லிவிடுவார். முனைவர் பட்டம் வாங்கியவர்கள்கூட அவர் அறைக்குள் வந்தால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஒருமுறை புதிதாக வந்த விஞ்ஞானி ஒருவர் பித்தளைத் திருகு ஒன்றில் தன் மேலங்கியை மாட்டப் போனார். "சார், அது ஆணி இல்ல, ஆக்சிஜன்" என்றார் உலையண்ணன். அந்த விஞ்ஞானி ஓய்வு பெறும்வரை அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவருடைய இன்னொரு பெருமை பதிவேடு. அச்சில் வார்த்த மாதிரிக் கையெழுத்து. அடித்தல் திருத்தல் இருக்காது. ஒவ்வொரு நாளும் கடைசிக் கட்டத்தில் "இடையூறு" என்று ஒரு தலைப்பு உண்டு. சோதனை ஓடுகிறபோது யாராவது கை வைத்தார்களா, மின்சாரம் போனதா, வாயு தீர்ந்ததா என்று அங்கே எழுத வேண்டும். இடையூறு என்று எழுதிவிட்டால் அதுவரை ஓடிய மணிநேரமெல்லாம் போச்சு, பூஜ்யத்திலிருந்து மறுபடி. சட்டம் அப்படி. உலையண்ணன் "இல்லை" என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

அவர் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டுமானால் மேடத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. மேடம் அந்தக் கூடத்துக்கு வந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. வாயுவில் ஓடுகிற பேருந்துகளின் புகைக்குழாயில் பொருத்துகிற டப்பாதான் அவருடைய வேலை. பேருந்து எரிக்கிற மீத்தேனில் கொஞ்சம் எரியாமல் தப்பித்துப் புகையோடு வெளியே போய்விடும். அந்தக் கொஞ்சமே பூமியைச் சூடேற்றுவதில் கெட்டிக்காரத்தனம் செய்யும். அதனால் புகைக்குழாயில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள் வைத்த ஒரு பீங்கான் துண்டை வைத்து, அதன்மேல் பல்லேடியம் என்ற உலோகத்தைப் பொடிப்பொடியாகப் பூசுவார்கள். தப்பித்து வருகிற மீத்தேன் அதைத் தொட்டதும் எரிந்து தீரும். பள்ளிக்கூடப் பாடத்தில் வினையூக்கி என்று படித்தோமே, அதுதான் இது.

புதிதில் பிரமாதமாக வேலை செய்யும். மந்தமாவதெல்லாம் பிறகுதான். மேடம் முதல் நாளே உலையண்ணனிடம் உட்கார்ந்து சொன்னார்.

"அண்ணா, இதுக்கு எதிரி மூணு. ஒண்ணு சூடு. பொடியெல்லாம் சூட்டுல நகர்ந்து நகர்ந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிடும். மழைக்காலத்துல உப்பு கட்டிக்கிற மாதிரி."

"ரெண்டாவது?"

"கந்தகம். அது வாயுவைச் சுத்தம் பண்ணினா போயிடும். மூணாவதுதான் மகா மோசம். தண்ணி."

"தண்ணியா? நானூத்தம்பது டிகிரியில ஏது மேடம் தண்ணி?"

"ஆவி. மீத்தேன் எரிஞ்சா ஆவி வரும்ல? அது பல்லேடியத்து மேல போய் உட்கார்ந்துக்கும். எழுந்திருக்காது. வேண்டாத விருந்தாளி மாதிரி."

வேலையில் இருந்த முப்பத்தோரு வருடத்தில் இப்படி எதிரே உட்கார்ந்து அவருக்கு விளக்கம் சொன்னவர் வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் துண்டைக் கொடுப்பார்கள், மணிநேரத்தைச் சொல்வார்கள், போவார்கள். உலையண்ணன் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் உப்புக் கதையை ஒரு வரி விடாமல் சொன்னார். "உங்களுக்குத்தான் ஏற்கெனவே எல்லாம் தெரியுமே" என்று அந்த அம்மாள் கிண்டல் செய்தார்.

ஆறு வருடம் மேடம் அதோடு மல்லுக்கட்டினார். ஒவ்வொரு பல்லேடியப் பொடியைச் சுற்றியும் இன்னோர் உலோக ஆக்சைடை ஓடு மாதிரிப் போர்த்தி, அது நகராமல் பண்ணினார். சூட்டுக்கு அது அசையவில்லை. அந்த ஓடு தண்ணீரையும் தாங்கும் என்று மேடம் நம்பினார். ஆயிரத்தைந்நூறு மணிநேரம், ஆவியோடு, நிறுத்தாமல் ஓட்டிக் காட்டினால் பேருந்துக் கழகம் எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு.

முதல் ஓட்டம் நானூறு மணியில் மின்சாரம் போய் நின்றது. இரண்டாவது எழுநூறில் நின்றது. சிலிண்டர் கொடுக்கிறவன் காலிச் சிலிண்டரை நிறைந்தது என்று சீட்டு ஒட்டி அனுப்பியிருந்தான். அன்று மேடம் மாடிப்படியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை உலையண்ணன் பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரித் திரும்பி நடந்தார். மனசு கேட்கவில்லை.

மூன்றாவது ஓட்டம் ஆரம்பித்துப் பன்னிரண்டாவது நாள். உலையிலிருந்து வருகிற ஆவி குளிர்ந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீராகச் சேரும். நிறைந்ததும் தானாக வடிந்துவிட ஒரு வால்வு உண்டு. அந்த வால்வு அன்று அடைத்துக்கொண்டது. குப்பி கழுத்துவரை நிறைந்துவிட்டது. இன்னும் ஒரு விரல் ஏறினால் தண்ணீர் அளவுக்கருவிக்குள் போய்விடும்.

சட்டப்படி என்ன செய்ய வேண்டும்? ஓட்டத்தை நிறுத்தி, வால்வைக் கழற்றி மாற்றி, "இடையூறு" என்று எழுதி, பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். உலையண்ணனுக்கு மாடிப்படி ஞாபகம் வந்தது. கையால் வடித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. குப்பியின் அடிமூடியைத் திறந்தால் காற்றின் வேகத்தில் வெந்நீர் முகத்தில் பீச்சியடிக்கும். அதனால் காற்றுத் திருகை மட்டும் மூடினார். மீத்தேன் நூல் மாதிரி மெல்லிசாகத்தானே போகிறது, அதைச் சுமந்துகொண்டு போகிற நைட்ரஜனோடு அது பாட்டுக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டார். வடித்தார். மூடினார். காற்றைத் திறந்தார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்.

கருவி பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் எண்ணைக் குறித்துக்கொள்ளும். இரண்டு குறிப்புக்கு நடுவில் அவர் வேலையை முடித்துவிட்டார். அன்றைய கட்டத்தில் எழுதினார்: இல்லை.

மறுநாளும் குப்பி நிறைந்தது. மறுநாளும் காலை பத்து மணிக்கு அதே இரண்டு நிமிடம். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல், உடம்பு சரியில்லை என்றும் பார்க்காமல், ஐம்பது நாள் ஒரு நாள்கூட விடாமல் வந்தார். வடித்த பிறகு எண் கொஞ்சம் மேலே ஏறுகிற மாதிரி இருக்கும். குப்பி காலியானதால் அழுத்தம் குறைந்திருக்கும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். அந்த இடத்தில் மட்டும் அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மேடம் அடுத்த மாடியில்தான் இருந்தார். கேட்டால் வடித்த விஷயம் வெளியே வருமே.

ஆயிரத்தைந்நூறாவது மணிநேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு மீத்தேன் எரிந்துகொண்டிருந்தது. ஆரம்பத்தில் தொண்ணூற்றாறு. கூடமே மூக்கில் விரல் வைத்தது. மேடம் முக்காலிக்குப் பக்கத்தில் நின்று, "அண்ணா, இது உங்க ஓட்டம்" என்றார். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் "அறுபத்து மூன்று நாளும் இடையூறு இல்லை" என்று எழுதி, அதன் கீழே அவருடைய கையெழுத்து.

இருபது பேருந்துகளில் டப்பாவை மாட்டினார்கள். உலையண்ணனின் மனைவிக்கு ஒரு தம்பி. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மூன்று மாதம் கழித்து ஒரு விடுமுறை நாள் வீட்டுக்கு வந்தவன், கையில் காபியை வாங்கிக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க டப்பா செத்துப்போச்சு."

"எந்த டப்பா?"

"இருபதும்தான். நேத்து அளந்து பாத்தாங்க. பாதிக்குமேல வாயு அப்படியே வெளிய வருது. எங்க சூப்பிரண்டு குதிக்கிறாரு."

"போடா, ஒழுங்கா மாட்டத் தெரியாம மாட்டியிருப்பீங்க."

"மாட்டினது நான் மாமா" என்றான் அவன், கொஞ்சம் அடிபட்ட முகத்தோடு.

முதலில் கந்தகத்தின் மேல் பழி போட்டார்கள். வாயுவைச் சோதித்தார்கள். சுத்தமாக இருந்தது. பிறகு மேடம் செய்து வைத்திருந்த அதே வினையூக்கியில் இன்னொரு துண்டை வேறொரு கட்டடத்தில், புது உலையில், தானாக வடிகிற நல்ல வால்வோடு, யாரும் கிட்டே போகாமல் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு மாதம் அசையாமல் நின்ற எண் அதற்கப்புறம் பத்தே நாளில் பாதியாக இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு கூடத்தில் பேச்சு மாறியது. சூடு, தண்ணீர் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எண்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஆயிரத்தைந்நூறு மணிநேர எண்கள் எங்கிருந்து வந்தன? யார் எழுதினார்கள்? விசாரணைக் குழு என்று மூன்று பேரைப் போட்டார்கள்.

குழு உலையண்ணனைக் கூப்பிட்டது. நடுவில் உட்கார்ந்திருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஓடும்போது நடுவுல நீங்க எதையாவது தொட்டீங்களா? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க."

"தொடல சார்."

இதைச் சொன்னபோது இரண்டு நிமிடத்துக்கும் பேருந்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அது சத்தியம். ஆனால் சொன்னது பொய் என்பது தெரியும். வெளியே வந்து தண்ணீர் குடித்தார். தண்ணீர் வடித்ததெல்லாம் ஒரு விஷயமா என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார். மனசும் சமாதானம் ஆனது. அவ்வளவு சீக்கிரம் சமாதானமாகிற மனசை என்ன செய்வது?

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பழைய உலையைப் பிரித்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. பேருந்திலிருந்து கழற்றிய செத்த துண்டு ஒன்று மேசைமேல் கிடந்தது. பிரிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை ஏற்றிப் பார்ப்போமே என்று அதைக் குழாய்க்குள் வைத்தார். நானூற்றைம்பது டிகிரி, காற்று, ஆவி, மீத்தேன். எண் முப்பத்தெட்டில் நின்றது. அங்கேயே நின்றது. குப்பியில் தண்ணீர் சேர்ந்தது. கை பழக்கத்தில் காற்றுத் திருகுக்குப் போனது. மூடினார், வடித்தார், திறந்தார்.

எண் ஏறியது. ஐம்பது, அறுபத்தேழு, எண்பது. தொண்ணூற்றொன்றில் போய் நின்றது.

முக்காலி பக்கத்தில் இருந்தது, அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மேடம் முதல் நாள் சொன்ன வேண்டாத விருந்தாளி எழுந்து போய்விட்டான். காற்றை நிறுத்தினால் ஆக்சிஜன் இல்லை. ஆக்சிஜன் இல்லாமல் மீத்தேன் மட்டும் மேலே பட்டதும் பல்லேடியத்தின்மேல் ஒட்டியிருந்ததெல்லாம் உரிந்து வந்துவிடுகிறது. உலோகம் மறுபடி பிறந்த மாதிரி ஆகிவிடுகிறது. ஐம்பது நாளும் அவர் அதைத்தான் செய்திருக்கிறார். பேருந்து எஞ்சினில் காற்றை மூட யாரும் இல்லை. அதனால் டப்பா செத்தது.

மேடத்தின் எண்கள் பொய் இல்லை. அது மட்டுமா? தண்ணீர் என்ற மூன்றாவது எதிரிக்கு மருந்து அவர் கையிலேயே இருந்திருக்கிறது. எஞ்சினில் அவ்வப்போது ஒரு கணம் காற்றைக் குறைத்தால் போதும், டப்பா வருடக்கணக்கில் உழைக்கும். மாடி ஏறிப் போய் ஒரு வார்த்தை சொன்னால் மேடத்தின் தலைமேல் தொங்குகிற கத்தி விலகும். கூடவே உலையண்ணன் முப்பது வருடம் போட்ட "இல்லை"கள் எல்லாம் சந்தேகத்துக்குள் வரும். குழுவின் முடிவு திங்கட்கிழமை. மூன்று நாள் இருந்தது.

சனிக்கிழமை மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினார்.

"இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

"சொன்னா நான் பொய்யன்னு ஆயிடும்."

"சொல்லலைன்னா அவங்க பொய்யின்னு ஆயிடும்ல?"

"ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. இத்தனை நாள் கட்டிக் காத்த பேரு."

"பேரா? அங்க யாருக்குங்க உங்க பேரு தெரியும்?" என்றார் மனைவி. அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. கோபத்தோடு எழுந்துபோய் வாசலில் நின்றார். அந்த அம்மாள் சொன்னதில் தப்பே இல்லை என்பதால்தான் அத்தனை கோபம்.

திங்கட்கிழமை எப்படியும் சொல்லிவிடுவது என்று கிளம்பினார். வழியெல்லாம் வாக்கியத்தைச் சரிபார்த்துக்கொண்டே போனார். மேடத்தின் அறைக்கதவு திறந்திருந்தது. புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். குழுவின் முடிவு காலையிலேயே வந்துவிட்டிருந்தது; நேராகத் திட்டவில்லை. "எண்கள் நம்பத்தக்கவை அல்ல" என்று ஒரு வரி எழுதியிருந்தது. மேடம் வேலையை விட்டுவிட்டார்.

"வாங்க அண்ணா" என்றார். கண் வீங்கியிருந்தது, குரல் சாதாரணமாக இருந்தது. "நீங்க வருவீங்கன்னு தெரியும்."

உலையண்ணன் வாயைத் திறந்தார்.

"குழுவுல ஒருத்தர் கேட்டாரு, பதிவேட்டை உலைக்காரர் ஒழுங்கா எழுதலையோன்னு. எனக்கு வந்ததே கோபம். என்னை என்ன வேணா சொல்லுங்க, அவரைச் சொல்லாதீங்க, அவர் இல்லைன்னு எழுதினா இல்லைதான்னு சொல்லிட்டு வந்தேன்."

திறந்த வாய் மூடிக்கொண்டது. இப்போது எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், கடிதமாக எழுதலாம், கொஞ்சம் ஆறட்டும். கோழைக்குத் தேதிக்கா பஞ்சம்? நாலு பெட்டிகளையும் அவரே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார். "உங்களுக்கு எதுக்கு அண்ணா சிரமம்" என்று மேடம் இரண்டு தடவை சொன்னார்.

மேடம் வேறோர் ஊரில் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டார். உலையண்ணன் மறு வருடம் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து, அவருடைய பதிவேட்டைப் பற்றி இயக்குநர் பத்து நிமிடம் பேசினார். அந்தப் பத்து நிமிடமும் அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடிதத்தை ஏழெட்டு முறை எழுதினார். ஒவ்வொன்றிலும் "உங்கள் நல்லதுக்காகத்தான்" என்று ஒரு வரி வந்து விழுந்தது. அந்த வரியைப் பார்த்ததும் கிழித்துப்போட்டார். அந்த வரி இல்லாமல் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். அது தோன்றவில்லை, அல்லது தோன்றாத மாதிரி இருந்துவிட்டார்.

மேடம் போய் ஆறு வருடம் ஓடிவிட்டது. ஒருநாள் மச்சினன் உற்சாகமாக வந்தான். பணிமனைக்குப் புதுப் பேருந்துகள் வந்திருக்கின்றனவாம்.

"மாமா, இந்த வண்டியில டப்பா சாகவே சாகாதாம். அப்பப்போ எஞ்சினே ஒரு செகண்டு காத்தைக் குறைச்சுக்குது. பயிற்சி குடுக்க வந்தவர் சொன்னாரு, அப்படிப் பண்ணினா டப்பாவுக்கு மறுபடி உயிர் வந்துருமாம். எவனோ வெளியூர்க்காரன் ரெண்டு வருஷம் முன்னாடி கண்டுபிடிச்சானாம். மூளையைப் பாருங்க!"

உலையண்ணனும் உள்ளே நின்ற மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்ன ஆச்சு, நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று மச்சினன் திகைத்தான்.

மறுநாள் காலையிலேயே பேருந்து ஏறினார். இரண்டு மணிநேரப் பயணம். கல்லூரியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார். சின்ன வீடு. முன்னறையில் மேடத்தின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மேடத்தின் காதோரம் நரைத்திருந்தது. "அண்ணா!" என்று அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது உலையண்ணனுக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மாடிப்படி, வால்வு, குப்பி, இரண்டு நிமிடம், செத்த துண்டு, தொண்ணூற்றொன்று.

அவர் எதிர்பார்த்தது திட்டு. திட்டினால் நன்றாக இருக்கும் என்றே நினைத்திருந்தார். மேடம் மேசையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"காத்தை மட்டும் மூடினீங்களா? மீத்தேன் ஓடிட்டிருந்துச்சா?"

"ஓடிட்டிருந்துச்சு மேடம். நைட்ரஜனும்."

"ரெண்டு நிமிஷம்னா சரியா ரெண்டா?"

"ஒண்ணே முக்கால்ல இருந்து ரெண்டேகாலுக்குள்ள."

"தினமும் ஒரே தடவையா?"

"ஒரே தடவை. காலையில பத்து மணிக்கு. ஒருநாள் மட்டும் பத்தே முக்கால் ஆயிடுச்சு. அன்னிக்கு எண் தொண்ணூறுக்கு இறங்கியிருந்துச்சு."

"திறந்தப்புறம் ஏற எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம்."

கேட்டதற்கெல்லாம் அவரிடம் துல்லியமான பதில் இருந்தது. ஒன்றைக்கூட மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் ஆறு வருடம் நன்றாகத் தூங்கியிருப்பார். மேடம் பேனாவைக் கீழே வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கால்மணி நேரம்" என்றார். "இதைச் சொல்ல உங்களுக்குக் கால்மணி நேரம்தான் ஆச்சு."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த வெளியூர்க்காரங்க கட்டுரை வந்தப்போ நான் படிச்சேன் அண்ணா. காத்தைக் குறைச்சா உயிர் வருதுன்னு போட்டிருந்தாங்க. நம்ம ஓட்டத்துலயும் இதுதான் நடந்திருக்குமோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அப்புறம் நானே இல்லைன்னு சொல்லிட்டேன். இடையூறு இல்லைன்னு நீங்க எழுதியிருந்தீங்களே. அதை மட்டும் நான் சந்தேகப்படவே இல்ல. என் கணக்குலதான் எங்கயோ தப்புன்னு விட்டுட்டேன்."

"என்னைத் திட்டிடுங்க மேடம்."

"திட்டினா உங்களுக்கு ஆறுதலா இருக்கும். எனக்கு என்ன கிடைக்கும்?" மேடம் எழுந்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"கூடத்துக்கு அனுப்பறீங்களா? குழுவுக்கா?"

"அந்தக் குழுவுல இப்ப யாரு இருக்காங்க? ஃபைலை எப்பவோ மூடிட்டாங்க. இது எங்க அம்மாவுக்கு."

உலையண்ணன் உட்கார்ந்து எழுதினார். அதே அச்சுக் கையெழுத்து. உங்கள் நல்லதுக்காக என்ற வரி இந்த முறை வரவில்லை. எட்டு வரியில் முடிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டபின் பேனா தயங்கியது.

"தேதி என்ன போட மேடம்?"

"இன்னிக்குத் தேதியே போடுங்க. அன்னிக்குத் தேதியை இனிமே யாரால போட முடியும்?"

போட்டார். மேடம் தாளை எடுத்துப்போய் முன்னறையில் அம்மாவின் கையில் கொடுத்தார். அந்த அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உதடு அசைய, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். வால்வும் குப்பியும் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கடைசி வரியில் "எண்கள் அனைத்தும் உண்மை" என்று இருந்ததை இரண்டு முறை படித்தார். பிறகு மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. எண்ணை மாத்தி எழுதினியான்னு, பெத்தவ நானே கேட்டுட்டேனே."

"விடுங்கம்மா."

"அதுக்கப்புறம்தானே நீ என்கிட்ட வேலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசறதில்ல."

மேடம் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். உலையண்ணன் கதவோரம் நின்றார். மேடத்தின் வேலை போனது அவருக்குத் தெரியும், பெயர் போனது தெரியும். இந்த வீட்டுக்குள் இப்படி ஒன்று போயிருக்கிறது என்பதை ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அவர் நினைத்துப் பார்த்ததில்லை. அவர் அங்கே நிற்கிறார் என்பதே அந்த இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.